கொழிஞ்சாம்பாறைப் பட்டறையும் எங்கள் அப்பாருவின் 1943 ஜீப்பும்: 19 மாத அனுபவம்

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வண்டியைப் பார்க்கிற எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். 8 மாதத்தில் முடித்துத் தருகிறேன் என்று சொன்ன வேலைக்கு 19 மாதம் ஆனது. 6 லட்சம் என்று ஆரம்பித்தது 9 லட்சத்து 40 ஆயிரத்தில் வந்து நின்றது. நடுவில் இரண்டு தடவை பெரிய வாக்குவாதம், ஒரு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன் என்று டிராக்டரும் டிரெய்லருமாகப் போய் வாசலில் நின்றுவிட்டேன். இவ்வளவுக்கும் பிறகு, போர்க்கால ஜீப்போ வேறு பழைய ராணுவ வண்டியோ வைத்திருக்கிறேன், யாரிடம் கொடுக்கலாம் என்று யார் கேட்டாலும் நான் கைகாட்டுவது இந்தப் பட்டறையைத்தான். ஏன் என்று விரிவாகவே எழுதுகிறேன், நீங்கள் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பட்டறை கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் போகிற ரோட்டில், உள்ளே ஒரு தென்னந்தோப்பில் இருக்கிறது. போர்டு கிடையாது. பெயரும் போன் நம்பரும் போட வேண்டாம் என்று மேஸ்திரி கேட்டுக்கொண்டார், ஏற்கெனவே ஐந்து வண்டி நிற்கிறதாம். கேரளத்துப் பக்கம்தான், ஆனால் அந்த ஊர்களில் முக்கால்வாசிப் பேர் நம் தமிழ்தான் பேசுகிறார்கள், பட்டறையிலும் அப்படித்தான். மேஸ்திரி நம்மிடம் தமிழிலும் டிங்கர் வேலை பார்க்கிற பையனிடம் மலையாளத்திலும் ஒரே மூச்சில் பேசுவார். தகரக் கொட்டகை, மண் தரை, ஒரு லேத், ஒரு காஸ் வெல்டிங் செட், சுவர் முழுக்க ஆணியில் தொங்கும் ஸ்பானர்கள். பளபளப்பான ஷோரூம் மாதிரி எதிர்பார்த்துப் போகிறவர்கள் வாசலிலேயே திரும்பிவிடுவார்கள்.

நான் அவரை முதலில் பார்த்தது அந்தப் பட்டறையில் இல்லை. எங்கள் பக்கம் ஒரு பள்ளிக்கூட வாசலில் பழைய டாங்கி ஒன்றைக் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். விஜயந்தா, ஆவடியில் செய்த டாங்கி, 1971 போர்க் காலத்தில் நம் ராணுவத்தில் இருந்த ரகம். வருஷா வருஷம் அதற்குப் பச்சை பெயின்ட் அடிப்பார்கள், வருஷா வருஷம் துரு பெயின்ட்டைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். ஒரு நாள் பையனைக் கொண்டுவிடப் போனபோது ஒருவர் டாங்கிக்கு அடியில் மல்லாக்கப் படுத்திருந்தார். வயிற்றுப் பகுதியில் ஒரு பிளக்கைக் கழற்றினார், உள்ளேயிருந்து கறுப்புத் தண்ணீர் குடம் குடமாகக் கொட்டியது. மேலே எஞ்சின் மூடியில் இருக்கிற கம்பி வலை வழியாக மழைத் தண்ணீர் இறங்கிக்கொண்டே இருந்திருக்கிறது, பிள்ளைகள் உள்ளே போய்விடக் கூடாது என்று மேல் மூடிகளை வெல்ட் வைத்துவிட்டதால் உள்ளே காற்றும் போகவில்லை, வெயிலும் போகவில்லை. "வெளிய எத்தன கோட்டு அடிச்சாலும் நிக்காதுங்க, இது உள்ள இருந்து அழுகுது" என்றார். பெயின்ட் அடிக்கத்தான் அவரைக் கூப்பிட்டிருந்தார்கள். பிளக் ஓட்டையைத் திறந்தே விட்டு அதில் ஒரு கம்பி வலை வைத்து, வெல்ட் வைத்த மூடிகளை வெட்டித் திறந்து பூட்டு மாட்டி, செயினுக்கு அடியில் மண்ணை எடுத்து கான்கிரீட் திண்டு போட்டு, எல்லாம் காய்ந்த பிறகுதான் பிரஷ்ஷையே கையில் எடுத்தார். ராணுவத்தில் வண்டிகளையும் ஆயுதங்களையும் பழுது பார்க்கிற இ.எம்.இ. பிரிவில் மெக்கானிக்காக இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், டாங்கிப் படையோடு பல வருஷம் இருந்தவர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அன்றைக்கே அவரிடம் எங்கள் ஜீப்பைப் பற்றிச் சொன்னேன்.

ஜீப்பின் கதை சுருக்கமாக. எங்கள் அப்பாரு, அதாவது அப்பாவின் அப்பா, 1950 வாக்கில் கோயம்புத்தூரில் ஒரு லாரி புரோக்கரிடம் வாங்கியது. போர் முடிந்ததும் ராணுவம் வேண்டாம் என்று தள்ளிய வண்டிகள் டிஸ்போசல் என்று ஏலத்துக்கு வந்தன, அதில் கை மாறிக் கை மாறி வந்த ஒன்று. மழைக்காலத்தில் எங்கள் தோப்புக்குள் மாட்டுவண்டியை விட்டால் இதுதான் வரும். தேங்காய், உரம், பிரசவத்துக்குப் போகிறவர்கள், பொள்ளாச்சிச் சந்தை எல்லாவற்றுக்கும் இதுதான். இடது பக்க ஸ்டீரிங். பெட்ரோல் கட்டுப்படியாகவில்லை என்று 1986-ல் அப்பா எஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் எஞ்சின் வைத்தார். அந்தக் காலத்தில் எல்லோரும் செய்ததுதான், யாரையும் குறை சொல்ல முடியாது. 2004-க்கு அப்புறம் வண்டி அசையவில்லை. கோழி முட்டையிடுகிற இடமாகிவிட்டது.

மேஸ்திரியிடம் கொடுப்பதற்கு முன்னால் பெரிய ஊர் ஒன்றில் இன்னொரு இடத்துக்குப் போய் ஏமாந்தேன், அதையும் சொல்ல வேண்டும். பாடி முழுக்கப் போய்விட்டது, வடக்கேயிருந்து புது பாடி வரவழைக்கலாம், புது டீசல் எஞ்சின், பெரிய டயர், பவர் ஸ்டீரிங், மூன்று மாதத்தில் முடித்துவிடலாம் என்றார்கள். 50,000 அட்வான்ஸும் வாங்கிக்கொண்டார்கள். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்: அதெல்லாம் போட்டால் எங்கள் அப்பாரு வண்டியில் என்ன மிஞ்சும்? நம்பர் பிளேட் மிஞ்சும் என்றார் ஒரு பையன், சாதாரணமாக. வண்டியைத் திருப்பி எடுத்து வந்துவிட்டேன், அட்வான்ஸ் வரவில்லை.

மேஸ்திரி வீட்டுக்கு வந்தபோது முதலில் எஞ்சினையும் பார்க்கவில்லை, பாடியையும் பார்க்கவில்லை. ஒரு கம்பி பிரஷ்ஷும் மண்ணெண்ணெய்த் துணியும் எடுத்துக்கொண்டு குந்தியிருந்து போல்ட்டுத் தலைகளைத் தேய்க்க ஆரம்பித்தார். பத்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாருங்க." போல்ட்டின் தலையில் சின்னதாக ஓர் எஃப் எழுத்து. அடுத்ததிலும் அதே. அடுத்ததிலும்.

அதுவரை நாங்கள் எல்லோரும் அதை வில்லீஸ் ஜீப் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தோம். நம் ஊரில் லோ பானெட் ஜீப் எல்லாமே வில்லீஸ்தான். நடந்தது என்னவென்றால், 1940-ல் அமெரிக்க ராணுவம் கேட்டபோது முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பான்டம் என்ற சின்னக் கம்பெனி. நல்ல எஞ்சின் வைத்திருந்தது வில்லீஸ். தேவைப்பட்ட எண்ணிக்கைக்கு அவர்களால் மட்டும் ஈடுகொடுக்க முடியாது என்பதால் 1941 கடைசியில் ஃபோர்டுக்கும் ஆர்டர் போனது, வில்லீஸ் டிசைனை அப்படியே செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு. வில்லீஸ் செய்தது எம்பி, ஃபோர்டு செய்தது ஜிபிடபிள்யூ. இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேல். இதன் பாகத்தைக் கழற்றி அதில் மாட்டலாம், அதில் இருப்பதை இதில் மாட்டலாம். ஆனால் ஃபோர்டு தன் போல்ட்டு, பிராக்கெட் என்று முடிந்த இடத்திலெல்லாம் எஃப் எழுத்தைப் பதித்தது. இன்னொரு அடையாளம் முன்பக்க குறுக்குச் சட்டம்: ரேடியேட்டருக்குக் கீழே உருண்டைக் குழாயாக இருந்தால் வில்லீஸ், கவிழ்த்த 'ப' மாதிரி தகடாக இருந்தால் ஃபோர்டு. எங்களுடையது 'ப'. நாற்பது வருஷமாக அதற்கு முன்னால் உட்கார்ந்து விளையாடியிருக்கிறேன், பார்த்ததில்லை.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இந்த மொத்த வேலையிலும் பெரிய விஷயம். ஃபோர்டு ஜீப்பில் சேசிஸ் நம்பர் இடது பக்கச் சட்டத்தின் மேலேயே அடித்திருக்கும், பிளேட் கிடையாது. தொழிற்சாலையிலிருந்து வரும்போது எஞ்சினிலும் சேசிஸிலும் ஒரே நம்பர். எங்கள் சட்டத்தின் மேல் ஆறு கோட்டு பெயின்ட், அதற்கு மேல் எழுபது வருஷத்து கிரீஸ். பெயின்ட் ரிமூவர் தடவி, மூங்கில் சீவலால் சுரண்டி (இரும்பால் சுரண்டினால் எழுத்து தேய்ந்துவிடும் என்று பையனைத் தொடவே விடவில்லை), நம்பரை எடுத்துத் தாளில் எழுதினார். "பழைய எஞ்சின் என்னாச்சுங்க?" என்றார். அப்பாவுக்கு ஞாபகம் இருந்தது. கொஞ்ச நாள் கிணற்றில் தண்ணீர் இறைக்க ஓடியது, அப்புறம் மாட்டுக் கொட்டகையில் போட்டுவிட்டோம் என்றார். போய்ப் பார்த்தால் வைக்கோலுக்கு அடியில் கிடந்தது. கார்புரேட்டர் இல்லை, டைனமோ இல்லை, பிளாக் மட்டும் முழுசாக இருந்தது. மேஸ்திரி துடைத்தார், அப்பா தாளைப் படித்தார், நான் போனில் வெளிச்சம் காட்டினேன். ஜிபிடபிள்யூ என்ற எழுத்தும் அதற்குப் பின்னால் வந்த எண்களும் ஒன்று விடாமல் ஒத்துப்போயின. அப்பா அங்கேயே தொட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். பழைய இரும்புக்காரன் மூன்று தடவை கேட்டான், ஆத்தாதான் கொடுக்க விடவில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

இனி வேலையின் தரத்தைச் சொல்கிறேன்.

பாடி வேலைக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். பழைய ஜீப்பின் தரைத் தகடு எப்போதும் அடியிலிருந்துதான் அழுகும், காரணம் தகட்டுக்குக் கீழே தாங்கலாக இருக்கிற தொப்பி வடிவ சட்டம், அதற்குள் ஒரு மரக்கட்டையை வைத்து மூடியிருப்பார்கள். அந்தக் கட்டை தண்ணீரைக் குடித்துவிட்டு வருஷக்கணக்கில் ஈரமாகவே இருக்கும். போருக்காகச் செய்த வண்டி, சில வருஷம் ஓடினால் போதும் என்று செய்தது, எண்பது வருஷம் ஓட வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. எங்கள் பக்கத்து ஈரத்துக்குக் கேட்கவே வேண்டாம், தரையில் கை நுழைகிற ஓட்டைகள். முழுத் தரையையும் வெட்டி எறிந்துவிட்டுப் புதுசு போடுவது சுலபம், கூலியும் குறைவு. இவர் நல்ல தகட்டை விட்டுவிட்டு அழுகின இடத்தை மட்டும் வெட்டி, அதே கனத்தில் தகடு வைத்து, காஸ் வெல்டிங்கில் துண்டு துண்டாகச் சேர்த்து, மேலேயும் கீழேயும் தேய்த்துச் சமப்படுத்தினார். பட்டி வைத்து மூடுகிற வேலையே கிடையாது. காந்தம் வைத்துப் பார்த்தேன், எல்லா இடத்திலும் ஒட்டுகிறது. உள்ளே வைக்கிற கட்டைக்கு மாட்டுவண்டி செய்கிற ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்து பூவரசில் சீவி, எண்ணெயில் ஊறவைத்து, சட்டத்தில் தண்ணீர் வடிய ஓட்டை போட்டு அடைத்திருக்கிறார். அந்தப் பள்ளிக்கூட டாங்கியில் பார்த்த அதே புத்திதான்: தண்ணீர் எங்கே நிற்கிறது என்று முதலில் பார்ப்பது.

துரு எடுக்க சேசிஸுக்கு மட்டும்தான் சாண்ட் பிளாஸ்டிங். மெல்லிய தகட்டில் மணலை அடித்தால் அது அப்பளம் மாதிரி நெளிந்துவிடும், அதனால் பானெட், மட்கார்டு, கிரில் எல்லாவற்றையும் மொலாசஸ், அதாவது சர்க்கரை ஆலைக் கழிவுப் பாகு, கலந்த தண்ணீரில் ஊறப்போட்டார். ஒரு பங்கு பாகுக்கு ஒன்பது பங்கு தண்ணீர், சிமென்ட் தொட்டியில் மூன்று வாரம். துரு மட்டும் கரைந்து போகிறது, நல்ல இரும்பு அப்படியே நிற்கிறது. அலுமினியத்தை மட்டும் அதில் போடவே கூடாது, தின்றுவிடும். நாற்றம் தோப்பைத் தாண்டி ரோடு வரைக்கும் வரும், ஈ மொய்க்கும், ஆனால் தொட்டியிலிருந்து எடுத்துக் கழுவினபோது ஒன்பது பிளவு கிரில்லைப் பார்த்தது எனக்கு இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. போர்க்கால வண்டிக்குத்தான் ஒன்பது, பின்னால் வந்த சிவில் ஜீப்புக்கு ஏழு.

எஞ்சின். 2.2 லிட்டர், நாலு சிலிண்டர், 60 குதிரைத் திறன், வால்வு எல்லாம் பிளாக்கிலேயே இருக்கிற பழைய வகை. பிளாக்கைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி பிரஷர் டெஸ்ட் பார்த்தார்கள், கிராக் இல்லை. ரீபோர் செய்து, இஞ்சில் ஆயிரத்தில் நாற்பது பங்கு ஓவர்சைஸ் பிஸ்டன், கிராங்க் கிரைண்டிங், புது பேரிங். ஸ்பேர் கிடைக்காது என்று பயந்துகொண்டிருந்தேன், அதில் எனக்குத் தெரியாத ஒரு நல்ல விஷயம் இருந்தது. மகிந்திரா பிற்காலத்தில் செய்த பெட்ரோல் ஜீப்பின் எஞ்சின் இதே குடும்பம்தான், சிலிண்டர் அளவும் ஸ்ட்ரோக்கும் ஒன்றே, தலைப்பகுதிதான் வேறு. அதனால் ரிங், பேரிங் மாதிரி சாமான்களைப் பழைய ஸ்டாக் வைத்திருக்கிற கடைகளில் தேடினால் இன்றைக்கும் அகப்படுகிறது. கார்புரேட்டர்தான் பாடு படுத்தியது. உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் நாலு ஞாயிற்றுக்கிழமை அலைந்தோம், மூன்று உடைந்த கார்புரேட்டர் கிடைத்தது, மூன்றையும் பிரித்து ஒன்றாக்கினார். பெட்ரோல் பம்பின் டயஃப்ரத்தையும் ஹோஸ்களையும் இப்போது வருகிற எத்தனால் கலந்த பெட்ரோலுக்குத் தாங்குகிற ரப்பரில் மாற்றியிருக்கிறார். பழைய வண்டி வைத்திருக்கிற எல்லோரும் இதைக் கேட்டுச் செய்துகொள்ளுங்கள், பழைய ரப்பர் உப்பிப் போய்க் கசிகிறது, அந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழே இருக்கிறது.

போல்ட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. இவர் எல்லாவற்றையும் நூல் கணக்கில்தான் பேசுவார் (ஒரு நூல் என்றால் இஞ்சில் எட்டில் ஒரு பங்கு), மூணு நூல் போல்ட்டு, நாலு நூல் போல்ட்டு. இஞ்ச் அளவு வண்டி அது, இப்போது கடைக்குப் போனால் மில்லிமீட்டர் போல்ட்டுதான் கொடுக்கிறார்கள், பக்கத்தில் இருக்கிற அளவை முறுக்கி ஏற்றினால் மரை போய்விடும். எஃப் போட்ட போல்ட்டு ஒவ்வொன்றையும் கழற்றி, எந்த இடத்திலிருந்து வந்தது என்று எழுதி, பால் பவுடர் டப்பாக்களில் போட்டு வைத்தார். மொத்தம் 212 தேறியது. மரை போனவற்றைக்கூட எறியாமல் லேத்தில் சரிசெய்து அதே ஓட்டையில் போட்டிருக்கிறார். 19 மாதத்தில் ஒரு மாதம் இதற்கே போயிருக்கும். முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்று கேட்டேன். "அடுத்து கழட்டறவனுக்குத் தெரியுமுங்க" என்றார்.

வயரிங்கில் பெரிய வாக்குவாதம். அது 6 வோல்ட் வண்டி. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடுங்கள், செல்ஃப் சரியாக எடுக்கும், லைட்டும் பிரகாசமாக எரியும் என்று நான் மட்டுமல்ல, பார்க்கிற எல்லோரும் சொன்னோம். அவர் மறுத்துவிட்டார். அவர் சொன்ன காரணம்: அதே வேலையைச் செய்ய 6 வோல்ட்டுக்கு இரண்டு மடங்கு கரன்ட் ஓட வேண்டும், அதனால் வயர் தடிமனாக இருக்க வேண்டும். டீசல் எஞ்சின் போட்டபோது 12 வோல்ட்டுக்கு இழுத்த மெல்லிய வயரை அப்படியே வைத்துக்கொண்டு 6 வோல்ட் பேட்டரி மாட்டினால் வண்டி திணறத்தான் செய்யும், குற்றம் வோல்ட்டில் இல்லை. பேட்டரியிலிருந்து செல்ஃபுக்குக் கட்டைவிரல் தடிமனில் கேபிள் போட்டார், எர்த் பிடிக்கிற ஒவ்வோர் இடத்திலும் பெயின்ட்டைச் சுரண்டி வெறும் இரும்பில் இறுக்கினார், எஞ்சினுக்கும் சேசிஸுக்கும் நடுவில் தனியாக ஒரு பட்டை கட்டினார். பாலக்காட்டில் ஒரு பேட்டரிக் கடைக்காரர் ஆர்டர் எடுத்து 6 வோல்ட் பேட்டரி வரவழைத்துக் கொடுத்தார். இப்போது காலையில் குளிர்ந்த எஞ்சினில் இரண்டாவது சுற்றில் எடுக்கிறது. இதில் நான் தப்பு, அவர் சரி.

நட்சத்திரச் சண்டையில் இன்னும் என் மனசு முழுசாக ஆறவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். பானெட்டில் போர்க்கால அமெரிக்க ராணுவ ஜீப் மாதிரி வெள்ளை நட்சத்திரம் போட வேண்டும் என்று எனக்குச் சின்ன வயசு ஆசை. அவர் பெயின்ட்டை அடுக்கு அடுக்காக ஈரமான எமரித் தாளில் தேய்த்து எடுத்தார், சிவப்பு, நீலம், வெள்ளை, இரண்டு வகைப் பச்சை, கடைசியில் டேஷ்போர்டில் தகவல் பிளேட்டுக்குப் பின்னால் யாரும் தொடாத ஓர் உள்ளங்கை அகலத்துக்கு அந்த மங்கலான ஆலிவ் நிறம். அதைத்தான் மாதிரியாக வைத்துக் கலர் கலந்தார். பானெட்டில் நட்சத்திரத்தின் தடயம் எதுவும் அகப்படவில்லை. "இல்லாதத எழுதக் கூடாதுங்க தம்பி. உங்க வண்டி, நீங்க வெளிய போய் எழுதிக்கங்க, நான் எழுத மாட்டேன்." பணம் கொடுக்கிறவன் நான், ஒரு நட்சத்திரத்துக்கு இவ்வளவா என்று ஒரு வாரம் பேசவில்லை. இன்னும் எழுதவில்லை. எழுதுவேனா என்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இனி குறைகள், இதில் மறைக்க ஒன்றுமில்லை. தேதியை நம்பவே முடியாது. ஓணம், விஷு, நெம்மாறை வேலா திருவிழா, மாரியம்மன் சாட்டு என்று எல்லைக்கு இரண்டு பக்கத்து விசேஷத்துக்கும் பட்டறை மூடியிருக்கும். தென்மேற்குப் பருவமழை ஆரம்பித்தால் பெயின்ட் வேலை அடியோடு நிற்கும், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் ஈரம் அப்படி, அது நியாயம்தான், ஆனால் மழை வரும் என்று ஜனவரியில் தேதி சொல்லும்போது தெரியாதா? பில் என்பது காலண்டர் தாளின் பின்பக்கம். நான் மூன்று மாதம் கழித்து ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்து, சாமான் வாங்கும்போதெல்லாம் ரசீதை அதில் ஒட்டச் சொன்னேன், அதற்கு முன்னால் செலவான 70,000 ரூபாய்க்கு இன்றுவரை எனக்குத் தெளிவான கணக்கில்லை. ஏமாற்றினார் என்று சொல்லவில்லை, எழுதிவைக்கிற பழக்கமே இல்லை. முதல் தடவை பெயின்ட் அடித்த பையன் பளபளவென்று அடித்துவிட்டான், ராணுவ வண்டிக்கு அந்த மினுமினுப்பே இருக்கக் கூடாது, மறுபடி தேய்த்து அடித்தார்கள், அந்தக் கூலியை அவரே ஏற்றுக்கொண்டார், ஆனால் ஐந்து வாரம் போனது. கண்ணாடிச் சட்டத்தை இறுக்குகிற இறக்கை நட்டு ஒன்று பட்டறையில் தொலைந்தது, எஃப் போட்டது, அதற்குப் பதில் லேத்தில் கடைந்து கொடுத்தார். எனக்கு அது இன்னும் வருத்தம்தான்.

ரிஜிஸ்ட்ரேஷன் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். 2021-ல் மத்திய அரசு கொண்டுவந்த வின்டேஜ் விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு விஏ என்ற எழுத்துள்ள தனி நம்பர் வாங்கலாம், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும். ஆனால் சேசிஸ், பாடி, எஞ்சின் இவற்றில் பெரிய மாற்றம் இருக்கக் கூடாது, தினசரி ஓட்டவும் வாடகைக்கு விடவும் கூடாது. அந்தப் பெரிய ஊர்க்காரர்கள் சொன்னபடி புது பாடியும் புது டீசல் எஞ்சினும் போட்டிருந்தால் விண்ணப்பத்தையே தொட்டிருக்க முடியாது. எங்கள் அப்பாரு பெயரில் இருந்த பழைய ஆர்.சி. புத்தகம் இரும்புப் பெட்டியில் பத்திரமாக இருந்ததால் வேலை பாதியாகக் குறைந்தது. உங்கள் வீட்டில் பழைய காகிதம் எதையும் எறிந்துவிடாதீர்கள்.

ஓட்டுவதற்கு எப்படி இருக்கிறது? இரைச்சல். கியர் மூன்றுதான், பக்கத்தில் இன்னும் இரண்டு லிவர், ஒன்று முன் சக்கரத்துக்கு, ஒன்று ஹை லோ. 60 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போக ஆசைப்படக் கூடாது, சின்ன டிரம் பிரேக், கால் வலிக்க மிதிக்க வேண்டும். ஸ்பிரிங் பட்டைகள் எல்லாம் கழற்றி கிரீஸ் வைத்துக் கட்டியும் முதுகு அதிரத்தான் செய்கிறது. ஆனால் லோ கியரில் தோப்புச் சேற்றுக்குள் இறங்கினால் ஆடு மாதிரி ஏறிப் போகிறது. பர்மாவில் இதே ஜீப்புகளுக்கு ரயில் சக்கரம் மாட்டித் தண்டவாளத்தில் சாமான் வண்டிகளை இழுக்க வைத்தார்கள் என்று மேஸ்திரி சொன்னபோது நம்பக் கஷ்டமாக இருந்தது, அந்த எஞ்சின் இழுக்கிற இழுப்பைப் பார்த்த பிறகு கஷ்டமில்லை.

வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கு இருட்டிவிட்டது. பானெட்டைத் திறந்து எல்லோரும் எஞ்சினை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஒன்றும் தெரியவில்லை, நான் போனை எடுக்கப் போனேன். அப்பாவுக்கு 76 வயது. "இரு" என்று சொல்லிவிட்டு கிரில்லுக்குப் பின்னால் கையை விட்டு ஒரு நட்டைத் தளர்த்தி, ஹெட்லைட்டை அப்படியே மேலே மடக்கித் திருப்பினார். வெளிச்சம் நேராக எஞ்சின் மேல் விழுந்தது. இரவில் ரிப்பேர் பார்க்க வசதியாக அப்படித்தான் அந்த வண்டியைச் செய்திருக்கிறார்கள், அப்பாரு சாமத்தில் பிளக் துடைக்கும்போது அந்த லைட்டைத் திருப்பிப் பிடிப்பது சின்னப் பையனாக இருந்த அப்பாவின் வேலையாம். எனக்கு அது தெரியாது. மேஸ்திரி அந்தக் கீலை வெல்ட் வைத்து அடைக்காமல், சுத்தம் செய்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலை பத்து மணிக்கு முன்னால் போங்கள், சாப்பாட்டுக்கு அப்புறம் அவர் லேத்தில் உட்கார்ந்துவிட்டால் பேச மாட்டார். வண்டியைக் கழுவிக்கொண்டு போகாதீர்கள், பழைய பெயின்ட்டும் அழுக்கும் அவருக்கு வேண்டும். கழற்றிப் போட்ட பாகம் எது வீட்டில் கிடந்தாலும், மாட்டுக் கொட்டகை உட்பட, தேடி எடுத்துக்கொண்டு போங்கள். கணக்கு நோட்டை முதல் நாளே நீங்களே வாங்கிக் கொடுத்துவிடுங்கள். சொன்ன தேதியை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெரிய டயர், குரோம் பம்பர், மியூசிக் சிஸ்டம் வேண்டும் என்பவர்கள் வேறு இடம் பார்க்கலாம், அதற்கு நல்ல பட்டறைகள் இருக்கின்றன, இவரிடம் கேட்டால் மனஸ்தாபம்தான் வரும்.

பிரேக் பிடிக்கும்போது வண்டி கொஞ்சம் இடது பக்கம் இழுக்கிறது. திங்கட்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.